வேப்பிலை கட்டிய ஆஸ்பத்திரி

என்னைப் பெற்று, படிக்க வைத்து, கடைசிவரை என் ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டியும் பாராமல் போய்விட்ட என் அன்பு அம்மாவுக்கு,

நீ போய் இது மூன்றாவது பங்குனி. இத்தனை நாள் ஒரு வரி எழுதாதவள் இப்போது எதற்குக் காகிதத்தை எடுத்தாள் என்று நினைப்பாய். நல்ல சேதி என்றால் சொல்லிக்கொள்ள இங்கே ஆட்கள் இருக்கிறார்கள். இது வெட்கப்பட்டுச் சொல்ல வேண்டிய சேதி. அதற்கு உன் காதுதான் வேண்டியிருக்கிறது.

எழுதி முடித்ததும் இதைப் பத்திரிகைக்கு அனுப்பலாம் என்றும் இருக்கிறேன். மலைக்குக் கீழே ஒரு கூட்டத்தில் என்னைப் பற்றி நல்லவிதமாகப் பேசிவிட்டார்களாம். அந்தப் பேச்சைக் கேட்டவர்கள் இதையும் கேட்கட்டும்.

அம்மா, என் ஆஸ்பத்திரி வாசலில் முள்ளும் வேப்பிலையும் கட்டிவிட்டார்கள்.

உனக்கு இந்த மலையைப் பற்றி நான் சொன்னதெல்லாம் குளிரும் பலாப்பழமும்தான். அம்மைக் காலத்து வழக்கத்தைச் சொன்னதில்லை. கொல்லிமலையில் ஓர் ஊரில் அம்மை கண்டால் ஊர்க்கவுண்டர் முன்னால் நின்று ஊருக்கு வருகிற வழியில் முள்ளை வெட்டிப் போடுவார். அதன் மேல் வேப்பிலை கட்டுவார். காப்பு என்கிறார்கள். அதற்குப் பிறகு உள்ளே இருப்பவர் வெளியே வரக்கூடாது, வெளியே இருப்பவர் உள்ளே போகக்கூடாது. கட்டிக்கொடுத்த மகள் ஓடி வந்தாலும் முள்ளுக்கு அந்தப் பக்கம் நின்று அழுதுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். பக்கத்து ஊர்க்காரர்கள் ராகியும் உப்பும் கொண்டுவந்து வழியோரப் பாறை மேல் வைத்து, ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போவார்கள். கடைசி நோயாளிக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் காப்பு அவிழும்.

அந்தக் காப்பைத்தான் செம்மேட்டில் என் ஆஸ்பத்திரிக்குக் கட்டினார்கள். ஏன் கட்டினார்கள் என்பதை உனக்கு வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். வரிசை தவறினால் நான் நல்லவளாகத் தெரிய ஆரம்பித்துவிடுவேன்.

மாசி பிறந்த சமயம், அரியூர் நாட்டில் ஒரு சின்ன ஊர் காப்புக் கட்டிக்கொண்டது என்று சேதி வந்தது. நாடு என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதே. மலையில் சில ஊர்கள் சேர்ந்த வட்டத்துக்கு அப்படிப் பெயர். கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. அம்மை கண்டவர்கள் உள்ளே கிடப்பார்கள், பார்த்துக்கொள்கிறவர்களும் படுத்துவிட்டால் வாயில் தண்ணீர் விட ஆள் இருக்காது. இதற்கு முன்னால் அப்படிப் போனவர்களைப் பற்றி நான் கேட்டிருக்கிறேன். அது வெறும் கவலை இல்லை, அம்மா. அதை இப்போதும் சொல்வேன்.

கீழே அதிகாரிகளுக்கு எழுதினேன். ஒரு டவாலிச் சேவகனும் போலீஸ்காரர்களும் ஏறி வந்தார்கள். அவர்கள் முள்ளை வெட்டி ஒதுக்க, நான் முன்னால் நடந்தேன். ஒரு பெண்மணி குடிசை வாசலில் கையை விரித்து மறித்தாள். "ஆத்தா எறங்கிப் போற வரைக்கும் எங்கள உடுங்கம்மா" என்றாள். நான் அவளுக்கு நோய்க்கிருமியைப் பற்றி விளக்கம் சொன்னேன். போலீஸ்காரர் பக்கத்தில் நிற்கும்போது சொல்கிற விளக்கத்தை யார் கேட்பார்கள்? நோயாளிகளைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கிவந்து என் வார்டில் போட்டோம்.

அதோடு நிறுத்தியிருந்தால்கூட இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

அடுத்த சந்தை நாளில் சுற்றியுள்ள நாட்டார் எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு வந்து அம்மை குத்திக்கொள்ள வேண்டும் என்று சொல்லியனுப்பினேன். ஊர் ஊராக நடக்க என் முழங்கால் இடம் கொடுக்கவில்லை. மலைக்கு ரோடு கிடையாது, இறங்கினால் ஏற வேண்டும், ஏறினால் இறங்க வேண்டும். சந்தைக்கு எப்படியும் ஜனங்கள் வருகிறார்கள். ஒரே இடத்தில், ஒரே நாளில் வேலையை முடித்துவிடலாம். காகிதத்தில் எழுதிப் பார்த்தபோது அது மிக அழகான ஏற்பாடாக இருந்தது.

பெரக்கரை நாட்டிலிருந்து ஆள் வராது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அந்தப் பக்கம் அம்மையே கண்டிருக்கவில்லை, அவர்கள் எதற்கு வர வேண்டும்? வந்தார்கள். அதற்குக் காரணம் அரப்புளிக் கவுண்டர்.

அவரை உனக்குத் தெரியாது. பெரக்கரை நாட்டில் ஓர் ஊருக்குக் கவுண்டர். முன்னொரு சமயம் காலில் ஆறாத புண்ணோடு வந்தார். நான் கழுவிக் கட்டி ஆற்றி அனுப்பினேன். அவ்வளவுதான் எங்களுக்குள் இருந்த பழக்கம். என் சேதி போனதும் நாட்டுக் கூட்டத்தில் ஆளுக்கொரு பேச்சாம். இவர் எழுந்து வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கி, ஆறிய தழும்பைக் காட்டினாராம்.

"ஏனுங்க, இந்தக் கால வெட்டோணும்னு கீழ சொன்னாங்க. அந்தம்மா உக்காந்து கழுவுனாங்க. நம்ம பொண்டு புள்ளைககூட மூக்கப் பொத்திட்டுப் போனப்ப அவுங்க பொத்துல. அவுங்க கூப்புட்டா போகோணும்."

போனார்கள். அவரே மகள் காளியம்மாவையும், அவள் குழந்தை பாவாயியையும் கூட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

பாவாயி என் கழுத்தில் தொங்கிய குழாயைப் பிடித்து இழுத்தாள். "இதுல என்ன கேக்குது?"

"உன் நெஞ்சு பேசறது கேக்குது."

"என்ன பேசுது?"

"பசிக்குதுன்னு பேசுது."

"பொய்யி. நான் களி தின்னுட்டுத்தான் வந்தேன்" என்றாள். காளியம்மா வெட்கப்பட்டு, "வாயக் கொஞ்சம் மூடு சாமி" என்று அவள் தலையில் தட்டினாள். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது.

அன்றைக்கு வெயில் கடுமை. வந்த ஜனங்களை எல்லாம் நிழலுக்காக ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார வைத்தேன். வார்டின் கதவு அந்தத் தாழ்வாரத்தில்தான் திறக்கும். உள்ளே படுத்திருந்தவர்களின் சொந்தக்காரர்கள் தண்ணீருக்கும் வெற்றிலைக்கும் வெளியே வந்து வந்து போனார்கள். சந்தைக்கு வந்த உறவுகளைக் கண்டால் சும்மா இருப்பார்களா? கட்டிக்கொண்டு அழுதார்கள். அரியூர்க்காரியின் கையிலிருந்து பெரக்கரைக் குழந்தை வெல்லம் வாங்கித் தின்றது. என் கம்பவுண்டர் யூசுப், "சந்தையே இங்க ஏறி வந்துருச்சு டாக்டரம்மா, கோழிக் கூடை ஒண்ணுதான் பாக்கி" என்று சிரித்தார். நானும் பார்த்தேன். பார்த்துவிட்டு, பொழுது போகிறது, சீக்கிரம் முடிப்போம் என்று அடுத்த கையை நீட்டச் சொன்னேன்.

குத்தின பாலும் சரியில்லை. அம்மை குத்துகிற மருந்தை அம்மைப்பால் என்போம், அது குளிர்ச்சியில் இருக்க வேண்டிய பொருள். யுத்த காலம், ரயிலில் தாமதம். அடிவாரத்தில் சுமை தூக்க ஆள் கிடைக்காமல் கொட்டகையில் கிடந்து, தலைச்சுமையாக வெயிலில் ஏறி வந்தது. அது கெட்டிருக்கலாம் என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. கெட்டிருக்காது என்று நினைத்துக்கொண்டேன். சந்தேகம் படிப்பிலிருந்து வந்தது. நம்பிக்கை சோம்பலிலிருந்து வந்தது. குத்தின கைகளில் பெரும்பாலும் கொப்புளமே எழும்பவில்லை.

அம்மை அதுவரை போகாத பெரக்கரை நாட்டுக்குப் போனது, அம்மா. என் தாழ்வாரத்திலிருந்து போனது.

பாவாயி போய்விட்டாள் என்பதை யூசுப்தான் சொன்னார். மருந்து அரைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அவளோடு இன்னும் சில பிள்ளைகள். எந்தெந்த வீடு என்று கேட்டேன். அவருக்குத் தெரிந்த வீடுகளைச் சொன்னார். மேலே கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அப்புறம் ஒரு நாள் காலை, கேட்டுப் பக்கம் அரிவாள் சத்தம் கேட்டது. யூசுப் உள்ளே ஓடி வந்தார்.

"டாக்டரம்மா, கட்டறாங்க."

"எந்த ஊரை?"

"நம்மளத்தான். ஆஸ்பத்திரிய."

வெளியே போனேன். பல ஊர் ஆட்கள் நின்றார்கள். இலந்தை முள்ளைக் குறுக்கே போட்டு, அதன் மேல் வேப்பிலைக் கொத்தைக் கட்டிக்கொண்டிருந்தவர் அரப்புளிக் கவுண்டர்.

"என்ன செய்யறீங்க கவுண்டரே?"

"காப்புக் கட்டறமுங்க."

"இது ஊர் இல்லையே. ஆஸ்பத்திரி. நாலு ஜனம் வந்து போகிற இடம்."

"வந்து போனதுனாலதானுங்க" என்று ஆரம்பித்தார். மீதியைச் சொல்லாமல் முடிச்சை இறுக்கினார்.

பின்னால் நின்ற ஒருவன், "இந்த முள்ள வெட்டறதுக்கும் போலீசு வருமுங்களா டாக்டரம்மா?" என்று கேட்டான். இரண்டொருவர் சிரித்தார்கள்.

"சும்மா இருடா. ஆத்தா இருக்கற எடத்துல என்ன எகத்தாளம்" என்று அரப்புளி அவனை அடக்கினார். பிறகுதான் என்னைப் பார்த்தார். "உங்க மேல கோவமெல்லாம் இல்லீங்க. எந்த ஊட்டுல ஆத்தா எறங்கியிருக்காளோ அந்த ஊட்டுக்கு உண்டான மொறை. அந்தப் பாறை மேல ராகி வெக்கறமுங்க. கொரல் குடுப்போம், வந்து எடுத்துக்குங்க."

கோபமில்லை என்றாரே, அம்மா. கல்லை விட்டு எறிந்திருந்தால் நான் கதவைச் சாத்திக்கொண்டு, படிக்காத ஜனங்கள் என்று மனதுக்குள் சொல்லித் தேறியிருப்பேன். அவர்கள் எனக்கு அந்த இடத்தைக்கூட விட்டுவைக்கவில்லை.

சொன்னபடி வைத்தார்கள். காலையில் பாறைப் பக்கமிருந்து, "டாக்டரம்மோவ், வெச்சாச்சுங்கோ" என்று குரல் வரும். ராகி மாவு, சாமை, கீரை, ஒரு நாள் பெரிய பலாப்பழம். பிள்ளையைப் பறிகொடுத்த ஊரிலிருந்தும் வந்திருக்கும். யூசுப் பழத்தைப் பிளந்துகொண்டே, "வைத்தியம் பாக்க வந்த ஊர்ல நாமளே நோயாளியாயிட்டோம். எங்க ஊட்ல கேட்டா நான் மாமியார் ஊட்டு விருந்துல இருக்கேன்னு நெனச்சுக்குவாங்க" என்றார். அவர் கேலி செய்தால்தான் வார்டில் யாராவது சாப்பிடுவார்கள். நான் சுளையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முள்ளுக்கு உள்ளே அடைபட்டுக் கிடந்த நாட்களில் சீனுவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதைப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன், சீனு என் தம்பி. நாங்கள் சேலத்தில் இருந்தபோது ஊரில் பிளேக் வந்தது. சர்க்கார் ஆட்கள் வீடு வீடாகப் புகுந்து, காய்ச்சல் கண்டவர்களை ஊருக்கு வெளியே கொட்டகைக்குக் கொண்டு போனார்கள். அவர்கள் நம் தெருவுக்குள் வந்ததும், அம்மா, நீ சீனுவைத் தூக்கி நெல் குதிருக்குள் இறக்கி, மேலே பழம்புடவையைப் போட்டாய். என்னிடம், "வாயத் தொறக்காத கண்ணு, அவுங்க போயிடட்டும்" என்றாய். நான் திறக்கவில்லை. அவர்கள் போனார்கள். சீனுவும் போனான், உன் கையிலேயே.

கொட்டகைக்கு அனுப்பியிருந்தால் பிழைத்திருப்பான் என்று அப்பா சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தார். நீ ஒரு நாளும் மறுத்துப் பேசவில்லை. நான் காலேஜுக்கும், பிறகு வைத்தியம் படிக்கவும் போனது அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுத்தான். பயந்த அம்மாவின் மகள் பயப்படாத டாக்டர் ஆனாள் என்று ஒரு கதையை எனக்கு நானே கட்டி வைத்திருந்தேன். நீ ஏன் ஒளித்தாய் என்று உன்னிடம் கேட்கத் தோன்றவே இல்லை. விடை தெரிந்த கேள்வியை யார் கேட்பார்கள்?

இப்போது கேட்கிறேன். கொட்டகைக்குப் போனவர்களில் திரும்பி வந்தவர்களை நீ பார்த்திருந்தாயா? நம் தெருவிலிருந்து போன யாராவது வந்தார்களா? உனக்குப் பயம் மருந்தின் மேலா, அதைக் கொடுக்க வந்தவர்கள் கதவை உதைத்த விதத்தின் மேலா? அரியூரில் அந்தப் பெண்மணி கையை விரித்து நின்றாளே, அவள் முகம் எனக்கு ஏன் அத்தனை பழகின முகமாக இருந்தது?

நீ செய்தது சரி என்று சொல்ல வரவில்லை. அது இன்றைக்கும் எனக்குத் தெரியாது. உன்னைக் கேட்காமலே நான் தீர்ப்பு எழுதிவிட்டேன் என்பது மட்டும் தெரிகிறது.

காப்புக் கட்டிய பிறகு புதிதாக எந்த ஊரிலும் அம்மை காணவில்லை என்று பாறையடிக் குரல்கள் சொல்லின. பெரக்கரையில் அம்மை கண்ட ஊர்களும் கட்டிக்கொண்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றி அவிழ்த்துவிட்டார்களாம். என் வார்டில் துணைக்கு இருந்தவர்களும் படுத்ததால் நாள் இழுத்தது, ஒரு கிழவர் தவறிப்போனார். மற்றவர்களுக்குப் பொருக்கு உதிர ஆரம்பித்தது.

அந்தச் சமயத்தில்தான் ஹெல்த் ஆபீசர் டோலியில் வந்து இறங்கினார். மலை ஜனங்கள் சர்க்கார் ஆஸ்பத்திரியை மறித்து டாக்டரைச் சிறை வைத்திருக்கிறார்கள் என்று கீழே பேச்சு எழுந்திருக்கிறது. கூடவே போலீஸ். கேட்டுக்கு வெளியே நின்று, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதைக் கட்டினவன் எவன்?" என்றார்.

வழியோரம் நின்ற ஜனங்களிலிருந்து அரப்புளிக் கவுண்டர் ஓரடி முன்னால் வந்தார். "நானுங்க" என்று அவர் வாய் திறப்பதற்குள் போலீஸ்காரர் ஒருவர் அவர் தோளில் கை வைத்துவிட்டார்.

எனக்கு யோசிக்க நேரமில்லை. "நான்தான் கட்டச் சொன்னேன்" என்றேன்.

ஆபீசர் திரும்பினார்.

"உள்ளே அம்மை நோயாளிகள் இருக்கிறார்கள். கடைசிப் பொருக்கு உதிரும்வரை யாரும் உள்ளே வரக்கூடாது என்பது என் உத்தரவு. தாங்களும் கொஞ்சம் தள்ளி நின்றால் நல்லது."

அவர் சட்டென்று பின்னால் போனார். பிறகு முகம் மலர்ந்தது. "பேஷ், பேஷ். இந்த ஜனங்களை அவர்கள் வழக்கத்தைக் கொண்டே கட்டுக்குள் வைத்திருக்கிறீர்கள். நல்ல யோசனை. இதை எல்லா இடத்துக்கும் எழுதுகிறேன்" என்றார். போலீஸ்காரர் கையை எடுத்துவிட்டார். டோலி இறங்கிப் போயிற்று. கீழே நடந்த கூட்டத்தில் என் யோசனையை எடுத்துச் சொல்லி மெச்சினாராம். கைதட்டினார்களாம்.

அரப்புளியைக் காப்பாற்றச் சொன்ன பொய் அது. அதற்காக எனக்கு வெட்கமில்லை. ஆனால் மெச்சிக்கொண்டு நின்ற மனிதரிடம் மறு வார்த்தை பேச எனக்கு நேரம் இருந்தது. இந்த யோசனை என்னுடையது இல்லை, நோயைப் பரப்பினது என் ஆஸ்பத்திரி, நிறுத்தினது அவர்கள் காப்பு என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என் வேலை போகும், ஆஸ்பத்திரியையே இழுத்து மூடிவிடுவார்கள் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடியது. அது முழுக்கணக்கு இல்லை, அம்மா. மெச்சின வார்த்தை கேட்க நன்றாக இருந்தது. அதுவும் அதில் இருந்தது.

ஆபீசர் போனதும் அரப்புளி முள்ளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"டாக்டரம்மா சொல்லித்தான் நாங்க கட்டுனமாக்கும்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எனக்கே தெரியாமப் போச்சுங்களே. முந்தியே சொல்லியிருந்தா இன்னம் கொஞ்சம் அழுத்திக் கட்டியிருப்பேன்."

கூட்டம் சிரித்தது. சிரித்துவிட்டுக் கலைந்தது. அவர் மட்டும் போகவில்லை. எதற்கோ காத்திருப்பது போல நின்றார்.

"கவுண்டரே," என்றேன், "பாவாயிக்கு இந்தத் தாழ்வாரத்தில்தான் ஒட்டியது."

"தெரியுமுங்க. அது தெரியாமயா கட்டுனோம்?"

"நான் கூப்பிட்டேன். அதனால வந்தீங்க."

"நீங்க கூப்புட்டீங்க. நான் கூட்டியாந்தேன்." வேப்பிலையில் காய்ந்த ஒரு கொத்தை எடுத்துக் கீழே போட்டார். "எம்மவ சோறு வெக்கறாளுங்க. மொகம் பாக்கறதில்ல. அய்யன் காலக் காட்டிக் காட்டியே எம் புள்ளயக் கொண்டுபோனாருன்னு பக்கத்தூட்டுல சொன்னாளாம்."

நான் படித்த எந்தப் புத்தகத்திலும் அதற்கு ஒரு வரி இல்லை.

"காப்பைத் தாண்டினவங்களுக்கு உங்க நாட்டில் என்ன முறை?" என்று கேட்டேன்.

"அது எங்களுக்குள்ள இருக்கறதுங்க."

"சொல்லுங்க."

தயங்கித் தயங்கிச் சொன்னார். காப்புத் தாண்டி ஒரு வீட்டில் சாவு விழுந்தால், தாண்டினவர்களும் அதற்குத் துணை போனவர்களும் காப்பு அவிழ்ந்த பிறகு அந்த வீடுகளுக்குப் போய் மடிப்பிச்சை எடுக்க வேண்டும். பெண் என்றால் முந்தானை, ஆண் என்றால் துண்டு. வாய் திறந்து பிச்சை கேட்கக் கூடாது. வீட்டுக்காரர்கள் ஒரு பிடி தானியம் போட்டால் தீர்ந்தது. போடாவிட்டால் தீரவில்லை. கிடைத்ததைக் கொண்டு ஆத்தா கோயிலில் கூழ் காய்ச்சி ஊருக்கு ஊற்ற வேண்டும்.

"உங்கள ஆரும் கேக்க மாட்டாங்க. நீங்க சர்க்காரு ஆளு" என்றார்.

"நான் எடுத்தால்?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த மனிதர் கண்ணில் நீர் கண்டது அப்போதுதான். "எடுத்தீங்கன்னா நானும் பின்னால வாரேனுங்க. எம்மவ ஊட்டு வாசல்ல தனியாப் போயித் துண்ட நீட்டறதுக்கு எனக்குக் காலு வர்லீங்க. நாட்டுக்கு ஞாயம் சொல்ற வாயி, அங்க போனா ஒட்டிக்குது."

இவ்வளவு நாள் அவர் முள்ளுக்குப் பக்கத்தில் வந்து வந்து நின்றது எதற்கென்று எனக்கு அப்போது விளங்கியது.

கடைசி நோயாளிக்கு நேற்றுத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினோம். இன்று காலை காப்பை அவிழ்த்தார்கள். படுக்கையை எல்லாம் எரித்துவிட்டோம். தாழ்வாரத்துக்கும் வார்டுக்கும் நடுவே இருந்த கதவைச் செங்கல் வைத்து அடைக்கச் சொல்லியிருக்கிறேன். வார்டுக்கு இனிப் பின்பக்கமாகத்தான் வழி.

ஹெல்த் ஆபீசருக்கு நடந்ததை நடந்தபடி எழுதி, தபால்காரர் கையில் கொடுத்து அனுப்பியாகிவிட்டது. கட்டினவர்கள் யார் என்றும், அவர்கள் கட்டாமல் இருந்திருந்தால் எத்தனை ஊருக்குப் போயிருக்குமோ என்றும் எழுதினேன். அவர்கள் மேல் நடவடிக்கை எடுப்பதானால் முதல் நடவடிக்கை என் மேல்தான் இருக்க வேண்டும் என்றும் எழுதினேன். என்ன பதில் வரும் என்று தெரியாது. மாற்றிவிடலாம், விலக்கிவிடலாம். வேறு டாக்டர் இந்த மலைக்கு ஏறி வருவாரா என்பதுதான் பயம். ஆஸ்பத்திரி வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. இன்று காலை முள்ளை அவிழ்த்த கையோடு ஒருத்தி காது வலிக்கிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். அவள் வந்ததைப் பார்த்து யூசுப் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டார்.

நான் இருக்கிறவரை அம்மைப்பால் வந்தால் ஊர் ஊராக நானே கொண்டு போவேன். முழங்காலைப் பற்றி இனி யாரிடமும் சொல்ல மாட்டேன். காப்புக் கட்டியிருந்தால் வெளியே நின்று கூப்பிடுவேன்: தண்ணீர் கொடுக்க ஆளில்லாத வீடு எது, உள்ளே வந்தால் காப்பு அவிழும்வரை நானும் உள்ளேயே இருந்துவிடுகிறேன், வரட்டுமா என்று கேட்பேன். வேண்டாம் என்றால் பாறை மேல் மருந்தை வைத்துவிட்டு வருவேன்.

படித்தவள் மடிப்பிச்சை எடுக்கப் போகிறாள் என்று என்னோடு படித்தவர்கள் சிரிப்பார்கள். ஆத்தாவின் கோபம் தணியும் என்று நான் போகவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவர்களின் முகத்துக்கு எதிரே போய் நிற்க எனக்கு வேறு எந்த வழியும் தெரியவில்லை. அவர்களிடம் இந்த வழி இருக்கிறது. அது என்னையும் சேர்த்துக்கொள்ளும் என்றால் நான் யார் மறுக்க?

நாளை விடிந்ததும் கிளம்புகிறோம். அரப்புளிக் கவுண்டர் வந்து கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறார். மற்ற வீடுகளுக்கெல்லாம் போய்விட்டுக் கடைசியில்தான் காளியம்மாவின் வீடு.

"அந்தப் பொண்ணு கதவத் தொறக்காட்டி என்ன பண்ணுவீங்க டாக்டரம்மா?" என்று யூசுப் கேட்டார். அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன்.

காளியம்மா என் முந்தானையில் ஒரு மணி ராகியும் போடாமல் இருக்கலாம். அது அவள் இஷ்டம். நான் அதற்காக அவளைக் குறைவாக நினைக்க மாட்டேன். ஆனால் என் பொருட்டு ஒரு தகப்பன் மகள் வாசலிலிருந்து வெறுந்துண்டோடு திரும்பக் கூடாது. பிச்சைதான் வாய் திறந்து கேட்கக் கூடாது. உண்மையைச் சொல்லக் கூடாது என்று அவர்கள் முறையில் இல்லை. அதனால் அவருக்கு முன்னால் நான் அவள் வாசலில் நிற்பேன். கூப்பிட்டது நான், கெட்ட பாலைக் குத்தினது நான், உன் அய்யன் என்னை நம்பினதைத் தவிர வேறு ஒன்றும் செய்யவில்லை என்று அவள் காதில் விழும்படி சொல்வேன். சொல்லிவிட்டு முந்தானையை மடித்துக்கொண்டு வழியை விட்டு விலகி நிற்பேன். அப்புறம் அவர் துண்டை நீட்டட்டும்.

இதை உன் மேல் ஆணையாகச் செய்வேன், அம்மா.

உன் வயிற்றில் பிறந்த மூத்தவள்,
மரகதம்